தேவையான தீமையும் குற்றப் பிரபுவும்: 'மொரியார்ட்டி தி பேட்ரியாட்' அனிமே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிய அசைபடத் தொடரான இந்த அனிமேயைப் பார்த்து முடிப்பவர்களில் பலர் ஒரே குழப்பத்தோடுதான் எழுகிறார்கள்: இத்தனை பேரைக் கொன்ற ஒருவனுக்காக நாம் ஏன் கண் கலங்கினோம்? அந்தக் குழப்பத்திலிருந்து பிறக்கும் கேள்விகளுக்குத்தான் கீழே விடை சொல்ல முயன்றிருக்கிறேன். கதையின் கடைசிக் காட்சி வரை பேச வேண்டியிருப்பதால், முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் தொடரைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கதை சுருக்கமாக என்ன?

ரியோசுகே தாகேஉச்சியின் கதையமைப்பில் ஹிகாரு மியோஷி வரையும் மங்கா (ஜப்பானியப் படக்கதை), 2016இல் 'ஜம்ப் ஸ்குவேர்' மாத இதழில் தொடங்கியது. அதைப் புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனம் அனிமேயாக்கியது. 2020 அக்டோபர் முதல் 11 அத்தியாயங்களும், 2021 ஏப்ரல் முதல் 13 அத்தியாயங்களுமாக மொத்தம் 24 அத்தியாயங்கள் ஒளிபரப்பாயின.

கதை நடப்பது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தில். மொரியார்ட்டி பிரபுவின் மூத்த மகன் ஆல்பர்ட்டுக்குத் தன் குடும்பத்தின் மீதும் தன் வர்க்கத்தின் மீதும் அளவற்ற அருவருப்பு. அவன் வற்புறுத்தலால் இரண்டு அநாதைச் சகோதரர்கள் அந்த வீட்டுக்குள் தத்துப் பிள்ளைகளாக வருகிறார்கள். அவர்களில் மூத்தவன் அசாத்திய அறிவாளி. ஒரு நாள் மாளிகை எரிகிறது. மூவர் மட்டுமே உயிரோடு வெளியே வருகிறார்கள். செத்துப்போன இரண்டாவது மகனின் பெயரான வில்லியம் ஜேம்ஸ் மொரியார்ட்டி என்பதை அந்த அநாதைச் சிறுவன் சூடிக்கொள்கிறான். வளர்ந்தபின் பகலில் டரம் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருக்கிறான். மறைவில், பிரபுக்களால் வாழ்விழந்த எளியவர்களுக்குப் பழிதீர்க்க வழிவகுத்துத் தரும் குற்ற ஆலோசகனாக இருக்கிறான். லண்டன் நகரம் அவனைக் 'குற்றப் பிரபு' என்ற பெயரால் மட்டுமே அறியும்.

கொலைகாரனுக்குத் 'தேசபக்தன்' என்ற தலைப்பு எப்படிப் பொருந்தும்?

மூலத் தலைப்பு 'யூகோகு நோ மொரியார்ட்டி'. 'யூகோகு' என்பது நாட்டை எண்ணி வருந்துவதைக் குறிக்கும் சொல். 'தேசபக்தன்' என்றவுடன் நமக்குத் தோன்றும் கொடியும் பெருமிதமும் அதில் இல்லை. நோயாளியின் படுக்கையருகே உட்கார்ந்திருப்பவனின் கவலைதான் அதில் இருக்கிறது. ஜப்பானியச் சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் வில்லியமின் முகத்தில் எப்போதும் படிந்திருக்கும் சோர்வுக்கும் காரணம் புரியும்.

ஆர்தர் கோனன் டாயில் எழுதிய மொரியார்ட்டியும் இப்படிப்பட்டவர்தானா?

இல்லை. டாயிலின் மொரியார்ட்டி ஒரு தேவைக்காகப் பிறந்தவர். ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்று முடித்துவிட்டு வேறு எழுத்துக்குப் போக வேண்டும் என்று டாயில் நினைத்தார். அப்படிக் கொல்வதற்கு ஹோம்ஸுக்கு ஈடான ஓர் ஆள் வேண்டியிருந்தது. 1893 டிசம்பரில் 'ஸ்ட்ராண்ட்' இதழில் வந்த கதையில் மொரியார்ட்டி தோன்றி, சுவிட்சர்லாந்தின் ரைஷன்பாக் அருவியில் அதே கதையிலேயே இறந்தும் போகிறார். 'குற்ற உலகின் நெப்போலியன்' என்று ஹோம்ஸ் அவரை வருணிப்பார். 21ஆம் வயதில் ஈருறுப்புத் தேற்றம் பற்றி ஆய்வுரை எழுதியவர் என்று கேள்விப்படுகிறோம். ஆனால் அவர் ஏன் குற்றத்தின் பக்கம் போனார் என்பதற்குப் பரம்பரை இரத்தத்தில் ஓடும் கொடுமை என்பதைத் தவிர வேறு விளக்கம் கிடையாது.

அந்த வெற்றிடத்தில்தான் அனிமே குடியேறியிருக்கிறது. மூலத்தில் உள்ள சிறுசிறு குறிப்புகளை அது எடுத்தாளும் விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஓர் உதாரணம் போதும். டாயில் ஓரிடத்தில் பேராசிரியரின் அண்ணனோ தம்பியோ ஆன கர்னலுக்கு ஜேம்ஸ் மொரியார்ட்டி என்று பெயரிட்டார். பத்தாண்டுகள் கழித்துப் பேராசிரியருக்கும் அதே பெயரைக் கொடுத்துவிட்டார். வாசகர்கள் நெடுங்காலம் இதை ஆசிரியரின் மறதி என்று சொல்லிவந்தார்கள். அனிமேயோ மூன்று சகோதரர்களுக்கும் 'ஜேம்ஸ் மொரியார்ட்டி' என்பதைப் பொதுப் பெயராக்கி, மூவரும் சேர்ந்து ஒரே குற்றவாளி என்ற கருத்தை அதிலிருந்தே வளர்த்தெடுக்கிறது.

'தேவையான தீமை' என்று இந்தக் கதை எதைச் சொல்கிறது?

தீயவனைக் கொல்வது நல்ல செயல் என்று சொல்லும் கதைகள் ஏராளம். அவற்றில் நாயகன் கொன்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவான். வில்லியம் அப்படிச் சொல்வதே இல்லை. தான் செய்வது கொலை என்பதையும், அதைச் செய்தவனுக்குரிய தண்டனை தனக்கும் உண்டு என்பதையும் தொடக்கத்திலிருந்தே அவன் ஒத்துக்கொள்கிறான். அவனுடைய திட்டத்தில் கடைசியாகச் சாக வேண்டிய பெயர் அவனுடையதே. பிரபுக்களும் ஏழைகளும் சேர்ந்து வெறுக்கும்படியான ஒரு பொது எதிரியைத் தன் உருவத்தில் படைத்து, அந்த எதிரி எல்லோர் கண்முன்னும் வீழும்போது இரு வர்க்கங்களும் ஒருவரையொருவர் மனிதராகக் காணும் என்பதே அவன் போட்ட கணக்கு. தீமை தேவைப்படுகிறது என்பதால் அது தீமையாக இல்லாமல் போய்விடாது என்ற எண்ணம் அவனிடமிருந்து ஒரு கணமும் விலகுவதில்லை.

தீ வைத்த இரவில் ஒரு காட்சி வரும். மாளிகை எரிந்துகொண்டிருக்கிறது. தம்பி லூயிஸ் எரியும் கட்டை ஒன்றை எடுத்துத் தன் கன்னத்தில் தானே வைத்து அழுத்திக்கொள்கிறான். ஒருவருக்கும் காயமே இல்லாமல் மூவர் தப்பினால் ஊர் சந்தேகிக்கும் என்பதற்காக ஒரு சிறுவன் செய்யும் காரியம் அது. அந்தத் தழும்பு 24 அத்தியாயங்களிலும் அவன் முகத்தில் இருக்கிறது. அதை மறைக்க முடியைக் கன்னத்தில் தொங்கவிட்டிருப்பான். அவர்களுடைய இலட்சியத்தின் முதல் செலவு ஒரு குழந்தையின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதைப் பார்ப்பவர் மறந்துவிடாதபடி வரைந்திருக்கிறார்கள்.

கொலையில் கொடியவர்களை ஒறுப்பது பயிரைக் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பானது என்று குறளின் செங்கோன்மை அதிகாரம் கூறும். வில்லியமின் வாதமும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அந்தக் குறளில் களை எடுப்பவன் வேந்தன். முறை செய்யும் கடமை அவனுக்கு ஊரறிய ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. வில்லியமிடம் அந்தப் பொறுப்பை யாரும் ஒப்படைக்கவில்லை. இந்தத் தொடரைப் பற்றி எத்தனை கேள்வி எழுந்தாலும் சுற்றிச்சுற்றி இந்த இடத்துக்கே வந்துசேர்கிறோம்.

அந்தக் காலத்துச் சட்டம் உண்மையிலேயே பிரபுக்களைத் தொடாமல் விட்டதா, இல்லை இது கதைக்கான மிகையா?

மிகை உண்டு. மனிதர்களைத் தன் காட்டில் ஓடவிட்டு வேட்டையாடும் எண்டர்ஸ் போன்ற பிரபு கற்பனையே. அதே நேரம், பிரபுவுக்கு ஒரு நீதி, பிறருக்கு ஒரு நீதி என்பது சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. கடுங்குற்றம் சாட்டப்பட்ட பிரபு ஒருவரைச் சாதாரண நீதிமன்றம் விசாரிக்க முடியாது; சக பிரபுக்கள் கூடிய பிரபுக்கள் சபையே விசாரிக்கும். இந்த உரிமை 1948இல்தான் ஒழிந்தது.

அது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்குக் கார்டிகன் பிரபுவின் வழக்கைச் சொல்லலாம். 1840இல் விம்பிள்டன் பொதுவெளியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் அவர் ஹார்வி டக்கெட் என்ற முன்னாள் படை அதிகாரியைச் சுட்டுக் காயப்படுத்தினார். சண்டை நடந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். மறுஆண்டு பிரபுக்கள் சபையில் விசாரணை நடந்தது. குற்றப்பத்திரிகையில் ஹார்வி கார்னெட் ஃபிப்ஸ் டக்கெட் என்று முழுப்பெயர் இருந்தது. காயம்பட்ட ஹார்வி டக்கெட்டும் அவரும் ஒருவரே என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று கூறிக் கார்டிகனை விடுவித்துவிட்டார்கள். ஒரு மனிதனின் பெயரில் உள்ள நடுச்சொற்கள் இரண்டு, பிரபு ஒருவரைக் காப்பாற்றப் போதுமானவையாக இருந்தன.

மற்றபடி, படையில் அதிகாரி பதவியைப் பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் 1871 வரை நீடித்தது. மக்களவை நிறைவேற்றும் சட்டத்தைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் பிரபுக்கள் சபைக்கு 1911 வரை இருந்தது. சார்லஸ் பூத் லண்டனில் வீதிவீதியாக நடத்திய கணக்கெடுப்பு, நகர மக்களில் சுமார் 30 விழுக்காட்டினர் வறுமையில் இருந்ததைக் காட்டியது. வில்லியமின் கோபத்துக்கு இவ்வளவு ஆதாரம் இருக்கிறது.

கொல்லப்படும் பிரபுக்கள் எல்லோருமே அரக்கர்களாக இருப்பது பார்ப்பவரை ஏமாற்றும் உத்தி அல்லவா?

தொடக்க அத்தியாயங்களைப் பொறுத்தவரை ஆம், இந்தக் குறையை நான் மறுக்கப்போவதில்லை. தோட்டக்காரர் ஒருவரின் நோயுற்ற குழந்தைக்கு மருத்துவ உதவி கிடைக்காமல் சாகவிடும் பிரபு, கடைசிவரை அதைப் பற்றி ஒரு வருத்தமும் படுவதில்லை. அவர் உட்கொள்ளும் மருந்தோடு ஒத்துப்போகாத கிரேப்ஃப்ரூட் பழம் அவருக்கு எமனாகிறது. பார்ப்பவர் திருப்தியோடு தலையாட்டுகிறார். இப்படி வருந்தாத மனிதரை மட்டுமே பலியாக நிறுத்தினால் 'தேவையான தீமை' என்ற கேள்விக்கு எடையே இருக்காது. எதிர்த்தட்டில் வைக்க ஒன்றுமே இல்லாத தராசு அது.

இருந்தாலும் அந்தத் தோட்டக்காரத் தம்பதியின் முகங்களைக் கவனியுங்கள். பழி தீர்ந்தபின் அவர்கள் மகிழ்வதில்லை. குழந்தை திரும்பவில்லை, வீடு முன்பு போலவே வெறுமையாக இருக்கிறது. அந்த அளவுக்காவது எழுத்தாளர் நேர்மையாக இருந்திருக்கிறார். பின்பாதியில், குறிப்பாக வைட்லியின் கதையில், அந்தத் தராசின் மறுதட்டு நிரம்பத் தொடங்குகிறது.

வைட்லியை வில்லியம் ஏன் கொன்றான்? அவர் நல்லவர்தானே?

மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். தொடரின் மையமும் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆடம் வைட்லி மக்களவை உறுப்பினர். எல்லோருக்கும் சமமான வாக்குரிமை வேண்டும் என்று சட்டத்தின் வழியிலேயே போராடுபவர். வில்லியம் குருதி சிந்திப் பெற நினைப்பதை அவர் பேச்சாலும் சட்டத்தாலும் பெற முயல்கிறார். அதாவது, வில்லியமின் வழி தேவையே இல்லை என்பதற்கு உயிரோடு நடமாடும் சாட்சி அவர். அப்படிப்பட்டவரின் வீட்டில், பிறரை மிரட்டிப் பிழைக்கும் மில்வர்டன் தன் சூழ்ச்சியால் ஒரு காவலரை ஏவி, சக்கர நாற்காலியில் வாழும் தம்பி சாமையும் வீட்டிலுள்ளவர்களையும் கொல்ல வைக்கிறான். உண்மை தெரிந்த கணத்தில் வைட்லி அந்தக் காவலரைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறார். மக்கள் நம்பிய மனிதர் கொலைகாரராகி நிற்கிறார். செய்தி வெளியே போனால் அவரோடு சேர்ந்து வாக்குரிமை இயக்கமும் சாகும்.

வில்லியம் அங்கே வருகிறான். கூட்டத்தின் கண்முன் வைட்லியைக் கொன்று, அந்த வீட்டில் நடந்த எல்லாக் கொலைகளின் பழியையும் குற்றப் பிரபுவின் தலையில் ஏற்றிக்கொள்கிறான். வைட்லி தியாகியாகிறார். நகரம் குற்றப் பிரபுவை முழுமனத்தோடு வெறுக்கத் தொடங்குகிறது.

இதில் என்னை உறுத்துவது கொலை மட்டுமன்று. அதை வைட்லியே மனமுவந்து ஏற்கிறார். உறுத்துவது பொய். மக்களுக்கு உண்மை தெரிந்தால் அவர்களால் அதைத் தாங்க முடியாது, ஒரு நல்ல மனிதர் தவறியதற்காக நல்ல கொள்கையையே எறிந்துவிடுவார்கள் என்று வில்லியம் முடிவு செய்கிறான். யாருக்காகப் போராடுகிறானோ அவர்களையே அவன் நம்பவில்லை. உங்களுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்பது பிரபுக்களின் பேச்சு; அந்தப் பேச்சு அவன் வாய்க்கும் வந்துவிட்டது. இதைத் தொடர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு வில்லியமின் உறுதி குலைவதையும், சாவை அவன் ஏறக்குறைய ஆவலோடு எதிர்பார்க்கத் தொடங்குவதையும் பார்க்கும்போது, அவனுக்கே இது தெரிந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

மில்வர்டனுக்கும் வில்லியமுக்கும் என்ன வேறுபாடு? இருவரும் மறைவிலிருந்து ஆட்டுவிப்பவர்கள்தானே?

சார்லஸ் ஆகஸ்டஸ் மில்வர்டன் பிறரின் இரகசியங்களை வைத்து மிரட்டுபவன். டாயிலின் கதையில் அவனுக்குப் பணம் வேண்டும். அனிமேயில் அதுவும் வேண்டாம். நல்ல மனிதர்கள் தங்களைத் தாங்களே அழித்துக்கொள்வதைப் பார்ப்பதே அவனுக்கு இன்பம். வில்லியமுக்கு ஒரு நோக்கம் உண்டு, விலை கொடுக்கும் மனமும் உண்டு. மில்வர்டனுக்கு இரண்டும் இல்லை. கருவி இருவரிடமும் ஒன்றாகவே இருக்கிறது என்பதால்தான் இவனைக் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஷெர்லாக் இதில் நீதியின் பக்கமா?

ஷெர்லாக்குக்கு முதலில் நீதியைவிடப் புதிர்தான் முக்கியம். அவனைத் தேர்ந்தெடுப்பதே வில்லியம். குற்றப் பிரபுவை வீழ்த்தும் நாயகன் ஒருவன் தேவை என்பதால் அவனைச் சோதித்துப் பார்க்கிறான். வண்டிக்காரர் ஜெஃபர்சன் ஹோப் பிடிபடும்போது அந்தச் சோதனை நடக்கிறது. என்னைச் சுட்டுக்கொன்றால் பின்னால் இருப்பவரின் பெயர் கிடைக்கும் என்கிறார் ஹோப். எதிரே நிற்பவர் எப்படியும் சாகப்போகிற கொலையாளி. ஷெர்லாக் உயிரைக் கொடுத்துத் தேடும் விடை ஒரு விரலசைவில் இருக்கிறது. அவன் சுட மறுக்கிறான்.

அதே ஷெர்லாக் பின்னர் மில்வர்டனைச் சுடுகிறான். வாட்சன் மணக்கவிருக்கும் மேரியை அந்த மிரட்டலிலிருந்து காப்பாற்ற வேறு வழி அவனுக்குத் தெரியவில்லை. டாயிலின் 1904ஆம் ஆண்டுக் கதையில் மில்வர்டனைச் சுடுவது அவனால் வாழ்விழந்த ஒரு பெண். ஹோம்ஸும் வாட்சனும் திரைமறைவில் நின்று பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவார்கள். அனிமே அந்தத் துப்பாக்கியை ஷெர்லாக்கின் கையிலேயே கொடுத்துவிட்டது. தனக்காகச் செய்ய மறுத்ததை நண்பனுக்காகச் செய்தபின், வில்லியமை மேலேயிருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இடம் அவனுக்கு இல்லை. இறுதியில் வில்லியமை எதிர்கொள்ள அவன் டவர் பாலத்துக்கு வருவது இன்னொரு குற்றவாளியாகத்தான்.

கதையில் ராபஸ்பியர் எங்கிருந்து வந்தார்?

ஐரீன் ஆட்லர் என்ற பெண் கைப்பற்றும் இரகசிய ஆவணங்களின்படி, பிரெஞ்சுப் புரட்சியே பிரித்தானியா மறைவில் நடத்திய ஏற்பாடு. அந்தப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ராபஸ்பியர் மக்களின் வெறுப்பை எல்லாம் தன்மேல் வாங்கிக்கொண்டு செத்த ஒற்றர். இது முழுக் கற்பனை. வில்லியமின் திட்டத்துக்கு ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகச் செய்தது. நிஜ ராபஸ்பியர் 1794 ஜூலையில் கில்லட்டினில் இறந்தார். அவர் கொடுங்கோலரா கொள்கை வீரரா என்ற விவாதம் மட்டும் இன்றுவரை ஓயவில்லை.

நிஜ வாழ்க்கையில் அக்காலத்தவர் யாரேனும் நன்மைக்காகத் தெரிந்தே குற்றம் செய்ததுண்டா?

உண்டு. 'பால் மால் கெசட்' நாளிதழின் ஆசிரியர் டபிள்யூ. டி. ஸ்டெட். லண்டனில் ஏழைச் சிறுமிகள் விலைக்கு விற்கப்படுவதைப் பலரும் அறிந்திருந்தும், அவர்களைக் காக்கும் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. ஸ்டெட் 1885இல் தானே ஆட்களை ஏற்பாடு செய்து, 13 வயதுச் சிறுமி ஒருத்தியை 5 பவுண்டுக்கு வாங்கிக் காட்டினார். பின்பு அவளைப் பத்திரமாகப் பிரான்சுக்கு அனுப்பிவைத்துவிட்டு, நடந்ததை ஜூலையில் தொடர்கட்டுரைகளாக வெளியிட்டார். நகரம் கொதித்தது. சில வாரங்களில் சட்டம் நிறைவேறியது. பெண்ணின் சம்மத வயது 13இலிருந்து 16ஆக உயர்ந்தது. சிறுமியின் தந்தையிடம் அனுமதி பெறவில்லை என்பதால் ஸ்டெட் ஆள்கடத்தல் குற்றவாளியாகி மூன்று மாதம் சிறை சென்றார். பிற்காலத்தில் ஆண்டுதோறும் தான் சிறை சென்ற நாளில் தன் சிறை உடையை அணிந்துகொள்வார்.

வில்லியமுக்கு இதைவிட நெருங்கிய ஒப்புமை வரலாற்றில் எனக்குத் தெரியவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை விட்டுவிடக் கூடாது. அந்தச் சிறுமி மயக்கமருந்து தரப்பட்டு, முன்பின் தெரியாதவர்களிடையே பட்ட அச்சம் நிஜமானது. யாரும் அவளைக் கேட்டு அதைச் செய்யவில்லை. மேலும், அதே அவசரத்தில் நிறைவேறிய சட்டத்தின் 11ஆம் பிரிவு ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியது; 1895இல் ஆஸ்கர் வைல்டைச் சிறைக்கு அனுப்பியது அந்தப் பிரிவே. கொதிப்பை மூட்டிவிட்டவர் கையில் அது எங்கே பாயும் என்பது இருப்பதில்லை. வில்லியமின் கணக்கில் இந்த வரி இல்லை. அவன் மூட்டும் தீ அவன் நினைத்த இடத்திலேயே அணைகிறது.

இங்கிலாந்துக்கு வெளியே இருந்த பேரரசைப் பற்றித் தொடர் பேசுகிறதா?

போர்களும் அபினியும் பின்னணியாக வந்துபோகின்றன. வில்லியமின் கூட்டாளி மோரனும் ஷெர்லாக்கின் நண்பர் வாட்சனும் போர்முனை கண்டவர்கள். அதற்குமேல் இல்லை. நம் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இது கண்ணில் படாமல் போகாது. வில்லியம் லண்டனின் ஏழைகளுக்காகத் திட்டம் தீட்டும் அதே தலைமுறையில்தான் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் நடந்தது. 1877 ஜனவரி முதல் நாளன்று, பஞ்சத்தின் நடுவே, டெல்லி தர்பாரில் விக்டோரியா இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்டார். நிவாரண வேலை செய்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று விதி வகுக்கப்பட்டது. மேட்டுக்குடி மனிதர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதே நோக்கம் என்றால், அந்த விதியில் கையெழுத்திட்டவர்களுக்கும் அதில் இடம் உண்டு.

இதனால் தொடர் பொய்யாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 'நாட்டுக்கான வருத்தம்' என்பதில் நாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அது கேட்டுக்கொள்ளவில்லை என்றுதான் சொல்கிறேன்.

'பிளாக் பட்லர்' தொடரோடு ஒப்பிட்டால்?

யானா தொபோசோவின் அந்தக் கதையும் விக்டோரியா காலத்தது. ஆனால் அங்கே சியெல் ஃபாண்டம்ஹைவ் என்ற சிறுவன் 'ராணியின் காவல் நாய்'. அரசுக்கு வேண்டிய அழுக்கு வேலைகளைச் செய்பவன். அவனுக்கு நாட்டைத் திருத்தும் எண்ணம் ஏதுமில்லை. சர்க்கஸ் பகுதியின் முடிவில், கடத்தப்பட்ட குழந்தைகள் உள்ளே இருக்கும்போதே கெல்வின் பிரபுவின் மாளிகையை எரிக்கச் சொல்கிறான். அவர்களை இனி மீட்க முடியாது என்பது அவன் முடிவு. அவனுடைய தீ யாருக்கும் நன்மை செய்வதாகப் பாசாங்கு செய்வதில்லை. அதைப் பார்த்தபின் பல நாட்கள் தூக்கம் கெட்டது எனக்கு. வில்லியமின் தீயில் அழகு அதிகம். எது அதிக நேர்மையானது என்று கேட்டால், சியெலின் தீ என்றே சொல்வேன்.

வரலாற்றுப் பிழைகள் உண்டா?

உண்டு, பெரும்பாலானவை தெரிந்தே செய்தவை. ஆல்பர்ட் தலைமையேற்கும் எம்ஐ6 என்ற பிரித்தானிய உளவு அமைப்பின் தொடக்கம் 1909. கிரேப்ஃப்ரூட் சில மருந்துகளோடு வினைபுரியும் என்பது 1989இல்தான் ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது. இறுதிக் காட்சியின் டவர் பாலம் பாதி கட்டிய நிலையில் இருப்பதோ சரியே. 1886இல் வேலை தொடங்கி 1894இல் திறந்தார்கள்.

சிறுவர்கள் பார்க்கலாமா?

வேண்டாம். குழந்தைகளுக்கு நேரும் கொடுமைகள், தற்கொலை எண்ணம், இரத்தம் எல்லாம் உண்டு. பதின்பருவத்தின் இறுதியில் இருப்பவர்கள், பேசிக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பார்க்கலாம்.

சாகத் துணிந்த வில்லியம் கடைசியில் பிழைத்துவிடுவது மழுப்பல் இல்லையா?

முதலில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. லண்டன் எரிகிறது, பிரபுக்களும் தொழிலாளிகளும் ஒரே வரிசையில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றுகிறார்கள், திட்டம் பலித்துவிட்டது. பாலத்தின் உச்சியில் இருவரும் மோதுகிறார்கள். வில்லியம் விழ வேண்டியதுதான் பாக்கி. விழவும் செய்கிறான். ஷெர்லாக் அவனைத் தனியே விழ விடாமல் கூடவே குதித்து, தேம்ஸை நோக்கிப் போகும் வழியில் அவனை இறுகப் பற்றிக்கொள்கிறான். இருவரும் பிழைக்கிறார்கள்.

இரண்டாம் முறை பார்த்தபோது ஷெர்லாக் பாலத்தில் பேசுவதைக் கூர்ந்து கேட்டேன். செய்ததற்கு ஈடுகட்ட வேண்டுமென்றால் உயிரோடு இரு, சாவது எளிய வழி என்பதுதான் அவன் பேச்சின் சாரம். வில்லியம் அதுவரை போட்ட எல்லாக் கணக்குகளிலும் அவன் சாவு கடைசி விடையாக இருந்தது. அந்த விடையைத் தானே எழுதிக்கொள்ளும் உரிமையையும் தன்னிடமே வைத்திருந்தான். குற்றவாளி, நீதிபதி, தண்டனை நிறைவேற்றுபவன் என எல்லாமே அவன்தான். ஷெர்லாக் பறிப்பது அந்த உரிமையை. இனி அவனுக்கு என்ன நேர வேண்டும் என்பதை இன்னொருவரும் சேர்ந்து தீர்மானிப்பார். ஆற்றிலிருந்து எழுபவனிடம் திட்டம் ஏதும் மிச்சமில்லை. கொன்றவர்களின் பெயர்கள் மட்டும் ஞாபகத்தில் இருக்கின்றன, நாளைக்குக் காலையில் எழுந்திருக்கவும் வேண்டும்.